வாய் எவ்வளவு அகலம்? மொட்டை மாடிக்கு ஒரு டெலஸ்கோப்

"எத்தனை மடங்கு பெருசாக் காட்டும் மாமா?"

எங்கள் மொட்டை மாடிக்கு முதல்முறை ஏறி வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். பெங்களூரு அல்சூரில், ஏரிக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறது வீடு. மாடியில் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் துணி காயப்போடும் கொடி, நடுவில் உயரம் குறைந்த ஒரு மர ஸ்டூல், அதன்மேல் என் டெலஸ்கோப். அன்றைக்குக் கேட்டது கீழ் வீட்டு அக்காவின் மகன், ஆறாம் வகுப்புப் பையன். பத்து வருடத்துக்கு முன் கடையில் நின்று நான் கேட்டதும் இதே கேள்விதான். அங்கே கிடைத்த பதிலை நம்பித்தான் என் முதல் டெலஸ்கோப்பை வாங்கினேன். அதனால் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இது ஒன்று தெளிவாகிவிட்டால், எதை வாங்குவது, எதைப் பார்ப்பது என்பதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

அந்த முதல் டெலஸ்கோப்பின் அட்டைப்பெட்டியில் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. பின்னணியில் கலர் கலராக ஒரு நெபுலா, அதாவது விண்வெளியில் மிதக்கும் வாயு மேகம். வீட்டுக்குக் கொண்டுவந்து முக்காலியைப் பூட்டி, சனி கிரகத்தைத் தேடிப் பிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. 525 மடங்கில் தெரிந்தது, தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல நெளிந்துகொண்டிருந்த மங்கலான ஒரு திட்டு. கண்ணை வைத்து நிதானிப்பதற்குள் அதுவும் பார்வையைவிட்டு நகர்ந்து போய்விட்டது. நாலு நாள் முயன்றேன். அப்புறம் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டேன். எங்கே தப்பு என்று புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

அந்த 525 எங்கிருந்து வந்தது

டெலஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. முன்னால் இருக்கும் பெரிய லென்ஸ் ஒளியை வாங்கி ஓரிடத்தில் குவிக்கிறது. லென்ஸுக்கும் அந்த இடத்துக்கும் உள்ள தூரம்தான் குவியத் தூரம். கண் வைக்கும் இடத்தில் செருகுகிற சின்னக் குழலுக்கு ஐபீஸ் என்று பெயர். அதற்கும் ஒரு குவியத் தூரம் உண்டு, அதன் மேலேயே எழுதியிருக்கும். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் மடங்கு வந்துவிடும். என்னுடையதில் பெரிய லென்ஸின் குவியத் தூரம் 700 மி.மீ. கூடக் கொடுத்த ஐபீஸ்களில் மிகச் சின்னது 4 மி.மீ. 700-ஐ நாலால் வகுத்தால் 175. பார்லோ என்று இன்னொரு குழலும் பெட்டியில் இருந்தது. அதை நடுவில் செருகினால் மடங்கு மூன்று பங்காகும். 175 பெருக்கல் 3, 525. கணக்கில் பொய் இல்லை.

ஆனால் இப்படிப் பார்த்தால் எந்த டெலஸ்கோப்பையும் எத்தனை மடங்குக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம், ஐபீஸை மாற்றினால் போதும். ஒரு டம்ளர் டிகாஷனில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே போனால் ஒரு குடம்கூட நிரப்பலாம். உள்ளே இருக்கிற காபித்தூளின் சாரம் அதே அளவுதான். மடங்கைக் கூட்டும்போதும் அதுதான் நடக்கிறது. உள்ளே வந்த ஒளி வந்தது வந்ததுதான். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் அதே ஒளி நாலு பங்கு பரப்பில் பரவ வேண்டும், ஒவ்வொரு இடத்துக்கும் கிடைப்பது கால்வாசி. 525 மடங்கில் நான் பார்த்தது அப்படி நீர்த்துப்போன சனி.

பாத்திரத்தின் வாய்

சரி, உள்ளே எவ்வளவு ஒளி வருகிறது என்பதை எது முடிவு செய்கிறது? முன்பக்க லென்ஸின் விட்டம். கண்ணாடி வைத்த டெலஸ்கோப் என்றால், குழாயின் அடியில் இருக்கும் குழிக்கண்ணாடியின் விட்டம். கடையில் இதை அபெர்ச்சர் என்பார்கள். நான் வாய் என்றே சொல்வேன், பாத்திரத்துக்குச் சொல்கிற மாதிரி. மழை பெய்யும்போது மாடியில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டின்மேலும் பெய்வது ஒரே மழை. அண்டாவுக்கு வாய் அகலம், அதனால் அதில் நிறையச் சேர்கிறது. நட்சத்திர ஒளியும் ஊர் முழுக்க ஒரே சீராக விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அதைப் பிடிக்க நம்மிடம் இருக்கிற பாத்திரம் கண். நல்ல இருட்டில், இளவயதில், கண்ணின் பாவை விரிந்தால் சுமார் 7 மி.மீ. வயது ஏறினால் அதுவும் குறையும்.

வட்டத்தின் பரப்பு அதன் விட்டத்தின் வர்க்கமாக ஏறும் என்று பள்ளியில் படித்தது இங்கேதான் உயிர்பெறுகிறது. 70 மி.மீ. வாய் உள்ள டெலஸ்கோப் கண்ணைவிடப் பத்து மடங்கு அகலம், ஆகவே நூறு மடங்கு ஒளி. இப்போது என் ஸ்டூல்மேல் இருப்பது 130 மி.மீ. கண்ணாடி. அது கண்ணைவிட ஏறக்குறைய 345 மடங்கு ஒளியை வாங்குகிறது. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போடவேண்டியது இந்த எண்ணைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து தென்கிழக்கே சுமார் 175 கி.மீ. தள்ளி, ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர். நம் கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வான் ஆய்வகம் அங்கேதான். 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட வைணு பாப்பு டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். அது என்னுடையதைப்போல எத்தனை மடங்கு ஒளி வாங்கும் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். 324 வந்தது. பென்சிலை வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன், அதேதான். வெறும் கண்ணிலிருந்து இந்தச் சின்னக் குழாய்க்கு வருவது 345 மடங்கு ஏற்றம். இங்கிருந்து காவலூர் மலைக்குப் போவது 324 மடங்கு ஏற்றம். பெரிய தாவலை மாடியிலேயே தாவியாயிற்று. அன்று இரவு அந்தக் குழாயைத் தொட்டுத் தூக்கிவைத்தபோது கை கொஞ்சம் மெதுவாகவே பட்டது.

வாய் அகலமானால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒளி ஓர் அலை. சின்ன வாய் வழியாக நுழையும்போது விளிம்பில் வளைந்து பரவி, ஒரு புள்ளியைக்கூடக் குட்டி வட்டமாகப் பூசிவிடும். வாய் பெரிதாக ஆக அந்தப் பூச்சு சிறிதாகும், நுணுக்கங்கள் பிரிந்து தெரியும். பூச்சுக்குமேல் எவ்வளவு பெரிதாக்கினாலும் பூச்சுதான் பெரிதாகும். இதிலிருந்து வந்ததுதான் எல்லாரும் சொல்லும் விதி: வாயின் ஒவ்வொரு மி.மீ.க்கும் இரண்டு மடங்கு, அதற்குமேல் பயனில்லை. என் பழைய டெலஸ்கோப் 60 மி.மீ. அதனால் 120 வரை போகலாம், பெட்டி சொன்னது 525. இப்போதைய 130 மி.மீ.க்கு 260 வரை இடமுண்டு. ஆனால் நமக்கும் விண்வெளிக்கும் நடுவே காற்று அலைந்துகொண்டிருக்கிறதே, அது அவ்வளவு தூரம் விடாது. அல்சூரில் பெரும்பாலான இரவுகளில் நான் 130-ஐத் தாண்டுவதில்லை.

வாய்க்கு அடுத்தது கால்

டெலஸ்கோப்பை நிறுத்திவைக்கும் அடித்தளத்துக்கு மவுண்ட் என்று பெயர். நூறு மடங்கு பெரிதாக்கும்போது நடுக்கமும் நூறு மடங்காகிறது. கட்டை விரலால் தட்டினால் ஐந்தாறு விநாடி ஆடுகிற முக்காலியில் எந்த லென்ஸைப் பூட்டினாலும் வீண். என் பழைய பெட்டியின் இரண்டாவது குறை அதுதான்.

பூமி சுழல்கிறது, அதனால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 65 மடங்கில் வைத்தால் ஒரு கிரகம் பார்வைப் பரப்பைக் கடக்க மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். 525 மடங்கில் அரை நிமிடம்கூடக் கிடையாது, என் சனி ஓடிப்போனது இதனால்தான். இந்த நகர்வை ஒரே அச்சில் திருப்பிப் பின்தொடர்வதற்காக ஈக்வடோரியல் மவுண்ட் என்று ஒரு வகை உண்டு. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து நிறுத்த வேண்டும். பார்க்க மிடுக்காக இருக்கும், எடைக்கட்டையெல்லாம் தொங்கும். பெங்களூரில் முதல்முறை வாங்குகிறவருக்கு இது வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் நம் ஊரின் அட்சரேகை. துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் அடிவானிலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரியுமோ, அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. லண்டனில் 51, டெல்லியில் 28, இங்கே வெறும் 13. கையை நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் பத்து டிகிரி, அதற்குமேல் இரண்டு விரல் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு தாழ்வு. எனக்கு அங்கே நிற்பது ஒரு ஐந்து மாடி அபார்ட்மென்ட். அது போகட்டும், நட்சத்திரம் தெரிந்தாலும் அச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைக்க வேண்டியிருக்கும். அப்போது எடைக்கட்டை முக்காலியின் காலில் இடிக்கும். வடக்கு நாடுகளை மனதில் வைத்துச் செய்த சின்ன மவுண்ட்கள் பல, இவ்வளவு கீழே வசதியாக இறங்குவதில்லை.

நம் ஊருக்குப் பொருத்தமானது டாப்சோனியன் என்கிற எளிய மவுண்ட். இதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜான் டாப்சன் சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தின் வழிவந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கையில் காசு கிடையாது. கப்பல் ஜன்னலில் இருந்து கழித்துப்போட்ட தடித்த கண்ணாடியைத் தானே தேய்த்துக் குழிக்கண்ணாடி ஆக்கினார், அட்டைக் குழாய்க்குள் வைத்தார், பிளைவுட் பெட்டியில் உட்காரவைத்தார். மேலும் கீழும் சாயும், இடமும் வலமும் சுழலும், அவ்வளவுதான் அதன் இயக்கம். 1967-இல் மடத்தைவிட்டு வெளியே வந்த பிறகு நடைபாதையில் டெலஸ்கோப்பை நிறுத்தி, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு நிலாவையும் சனியையும் காட்டினார். இந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கவே இல்லை. அதனால் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் செய்கிறார்கள், கால் மலிவாக இருப்பதால் கொடுக்கிற காசு வாய்க்குப் போகிறது. என்னுடையது மேசைமேல் வைக்கும் சின்ன டாப்சோனியன். குவியத் தூரம் 650 மி.மீ., கூட வந்த ஐபீஸ்கள் 25-ம் 10-ம். ஆகவே 26 மடங்கு, 65 மடங்கு. பிறகு ஒரு 5 மி.மீ. ஐபீஸ் தனியாக வாங்கினேன், 130 மடங்குக்கு.

பட்ஜெட் குறைவு என்றால் நல்ல முக்காலியோடு வரும் 70 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப்பும் போதும். பிரகாசமான பொருள்களின் ஓரத்தில் லேசாக ஊதா நிறம் தட்டும், பெரிய தொந்தரவு இல்லை. அதற்கும் முன்னால் 10x50 (பத்து மடங்கு, 50 மி.மீ. வாய்) பைனாகுலர் ஒன்று வாங்கி ஆறு மாதம் வானத்தைப் பழகினால் இன்னும் நல்லது.

துருவ நட்சத்திரம் தாழ்ந்திருப்பதில் நமக்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது. பெங்களூரில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நடுப்பகலில் நிழலே விழாத நாள் வருகிறது, சூரியன் நேர் உச்சிக்கு வருவதால். கிரகங்களும் சூரியன் போகும் பாதையை ஒட்டியேதான் போகின்றன. ஆகவே நமக்கு அவை தலைக்குமேல் ஏறி வரும். உச்சியில் பார்க்கும்போது ஒளி கடக்கவேண்டிய காற்று மிகக் குறைவு, 30 டிகிரி உயரத்தில் அது இரண்டு பங்கு. லண்டன்காரர்கள் கூரைகளுக்கு மேல் எட்டிப் பார்க்கவேண்டிய கிரகத்தை நாம் சுத்தமான உச்சி வானில் பார்க்கிறோம். நேர் உச்சியில் மட்டும் டாப்சோனியன் திருப்புவதற்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஒரு மணி நேரம் பொறுத்தால் கிரகம் மேற்கே சாய்ந்துவிடும்.

முதல் இரவு

இருட்டுவதற்கு முன்பே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். டெலஸ்கோப்பின் முதுகில் குறிபார்க்கும் சின்னக் கருவி இருக்கும், பெரும்பாலும் சிவப்புப் புள்ளி தெரிவது. தூரத்தில் இருக்கும் ஒரு செல்போன் டவரின் உச்சியை 26 மடங்கில் நடுவில் கொண்டுவந்து, சிவப்புப் புள்ளியையும் அதே உச்சியில் உட்காரவைத்துத் திருகை இறுக்குங்கள். இதைச் செய்யாமல் இரவில் கிரகத்தைத் தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நூல் கோப்பது மாதிரி. சூரியன் மறைந்தபின் செய்வதே நல்லது. சூரியன் பக்கம் டெலஸ்கோப்பைத் திருப்பவே கூடாது. வாயின் முன்னால் முழுவதும் மூடும் சூரிய ஃபில்டர் இல்லாமல் ஒரு நொடி பார்த்தால்கூடப் பார்வை போய்விடும். ஐபீஸில் திருகுகிற சூரிய ஃபில்டர் பெட்டியில் வந்தால் அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள், வெப்பத்தில் அது விரிசல் விடும்.

டெலஸ்கோப்பை அரை மணி முன்னதாகவே மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். அறைச் சூட்டில் இருந்த கண்ணாடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வரும்வரை அதன்மேல் காற்று நெளியும், தோசைக்கல்லுக்கு மேலே நெளிவதுபோல. மாடித் தரையும் அப்படித்தான். பகல் முழுக்க வாங்கிய வெயிலை ஒன்பது மணி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். மார்ச், ஏப்ரலில் நான் பத்து மணிக்கு முன்னால் ஏறுவதே இல்லை. டிசம்பர், ஜனவரியில் பிரச்சினை வேறு, பனி இறங்கி ஐபீஸில் படியும். சட்டையால் துடைக்காதீர்கள், கீறல் விழும். ஹேர் டிரையர் இருந்தால் தூரத்தில் பிடித்து லேசாக ஊதினால் போதும்.

தெரு விளக்கு நேராகக் கண்ணில் அடித்தால் கொடியில் ஒரு பழைய கனமான போர்வையைக் காயப்போடுவதுபோலத் தொங்கவிடுங்கள். எனக்குக் கிழக்குப் பக்கம் எப்போதும் ஒன்று தொங்கும். பக்கத்து மாடி விளக்குக்கு வாய்தான் வழி. "அக்கா, ஒரு மணி நேரம் மாடி லைட்டை அணைக்கிறீங்களா, நிலா பார்க்கப்போறோம், நீங்களும் வாங்க" என்றேன் ஒருநாள். அணைத்துவிட்டு மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

நிலாவிலிருந்தே தொடங்குங்கள், ஆனால் பௌர்ணமி வேண்டாம். அன்று வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகத் தெரியும். பஞ்சாங்கத்தில் வளர்பிறை சப்தமி, அஷ்டமி பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கிற கோட்டில் வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு மேட்டின் நிழலும் நீண்டு கிடக்கும். அந்தக் கோட்டின் நடுவே மூன்று பெரிய பள்ளங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் பெரியதான டாலமேயஸ் சுமார் 150 கி.மீ. அகலம், இங்கிருந்து மைசூரு போகிற தூரத்துக்கு. படம் தலைகீழாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், கண்ணாடி டெலஸ்கோப்பில் அப்படித்தான். அந்த மாமியார் அன்று ஐபீஸில் குனிந்து கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் நிமிராமலேயே, "வடாம் மாவு கொதிக்கிறப்போ குமிழி உடைஞ்ச மாதிரி இருக்கேப்பா" என்றார். நிலாப் பள்ளத்துக்கு இதைவிடச் சரியான வர்ணனையை நான் கேட்டதில்லை.

வியாழனைப் பார்க்கும் பலர், "இவ்வளவு சின்னதா?" என்று ஏமாற்றமாகக் கேட்பார்கள். அது நமக்கு அருகில் வரும் மாதங்களில் 65 மடங்கில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு முழுநிலா தெரிகிற அகலத்தைப்போல ஒன்றரைப் பங்கு இருக்கும். சுற்றிலும் கருப்பு, ஒப்பிட எதுவும் இல்லை, அதனால் கண் ஏமாறுகிறது. ஐந்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். முதலில் வெள்ளை வட்டம், கொஞ்சம் கழித்து இரண்டு பழுப்புப் பட்டைகள் தானாக மேலெழும். காற்று ஒரு கணம் அடங்கும்போது பட்டையின் ஓரம் சொரசொரப்பாகத் தெரியும், மறுகணம் மறையும். பார்க்கப் பழகுவது என்பது அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கப் பழகுவதுதான். பக்கத்தில் ஒரே கோட்டில் நாலு புள்ளிகள் இருக்கும், 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நாலு நிலாக்கள். அவர் டெலஸ்கோப் சுமார் 20 மடங்கு, அதன் வாய் நம் சின்ன டெலஸ்கோப்களைவிடக் குறுகல். உள்பக்கம் இருக்கும் அயோ வியாழனை ஒன்றே முக்கால் நாளில் சுற்றிவிடுகிறது. எட்டரை மணிக்குப் படம் வரைந்து பத்தரைக்கு மறுபடி பார்த்தால் இடம் மாறியிருக்கும். கீழ் வீட்டுப் பையனின் நோட்டில் இப்படி நாற்பது பக்கம் இருக்கிறது.

சனியின் வளையம் பற்றி ஒரு தகவல். 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கித் திரும்பியிருந்தது, ஏறக்குறைய பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை இப்படி நடக்கும். அதையொட்டிய மாதங்களில் வளையம் மெல்லிய கோடுபோலத்தான் தெரிந்தது. அப்போது பார்த்துவிட்டு டெலஸ்கோப்பில் கோளாறு என்று நினைத்தவர்கள் மறுபடி பாருங்கள், 2032 வரை அது வருடத்துக்கு வருடம் விரிந்துகொண்டே போகும். வெள்ளியின் பிறைவடிவமும் நன்றாக இருக்கும். செவ்வாய் மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அருகில் வரும்போதுதான் பார்க்கத் தகுந்தது.

இவை எல்லாமே பிரகாசமான பொருள்கள். நகர வெளிச்சம் இவற்றை ஒன்றும் செய்யாது. எம்.ஜி. ரோட்டில் நின்றுகூடச் சனியைப் பார்க்கலாம். வெளிச்சத்தால் அடிபடுவது நெபுலாக்களும் கேலக்ஸி எனப்படும் விண்மீன் மண்டலங்களும்தான், ஏனென்றால் அவற்றின் மெல்லிய ஒளி, நகரத்து வானத்தின் சொந்த வெளிச்சத்தில் மூழ்கிவிடுகிறது. ஓரியன் நெபுலா விதிவிலக்கு. மார்கழி, தை மாதங்களில் திருவாதிரை நட்சத்திரத்துக்குத் தெற்கே, ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடைவாரிலிருந்து தொங்கும் வாளின் நடுவில் அது இருக்கிறது, சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில். அல்சூரில் சாம்பல் நிறப் புகையாகத் தெரியும். நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் இன்னும் விரியும், மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் மையத்தில் இல்லாமல் சுற்றிலும்தான் இருப்பதால். வண்ணம் தெரியாது. நடுவில் நாலு நட்சத்திரம் ஒரு குட்டிச் சதுரமாக நிற்கும். சித்திரை, வைகாசியில் தெற்கே பார்வை திறந்திருந்தால் ஒமேகா செண்டாரியைத் தேடுங்கள், லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் ஒரு பந்து. இங்கே 30 டிகிரி உயரத்துக்கு வரும். லண்டனில் அது உதிப்பதே இல்லை.

புது வரவு

கடந்த சில வருடங்களில் ஸ்மார்ட் டெலஸ்கோப் என்று ஒரு புது இனம் வந்திருக்கிறது. கண் வைக்கும் இடமே கிடையாது, உள்ளே கேமரா. ஒயிட்ஃபீல்டில் இருக்கும் நண்பர் சீஸ்டார் எஸ்50 வாங்கியிருக்கிறார். 2023-இல் வந்த மாடல், வாய் வெறும் 50 மி.மீ. மாடியில் வைத்துச் செல்போனில் பெயரைத் தொட்டால் தானே தேடிப்போய் நிற்கிறது. பெங்களூரின் மிக மோசமான வெளிச்சத்தில், என் 130 மி.மீ. வழியாக என் கண்ணுக்கு ஒருபோதும் தெரியாத நெபுலாவை அது சிவப்பும் நீலமுமாக எடுத்துக்காட்டியது. வாய் அகலம்தான் எல்லாம் என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, இது எப்படி?

அண்டா உதாரணத்துக்கே திரும்புவோம். டம்ளரானாலும் மழை முடியும்வரை வெளியே வைத்திருந்தால் நிரம்பும். நம் கண்ணால் அது முடியாது, விநாடிக்குப் பத்து முறை அளவில் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாகப் பிடிக்கிறது. கேமரா பத்து விநாடி பிடித்து ஒரு படம் எடுக்கிறது, மறுபடி பத்து விநாடி, மறுபடி. ஒரு மணி நேரத்தில் 360 படம். அவற்றில் நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி அடுக்குகிறது. நெபுலாவின் ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதால் கூடிக்கொண்டே போகிறது. கேமரா தானாகச் சேர்க்கும் தாறுமாறான புள்ளிகள் (இரைச்சல் என்பார்கள்) படத்துக்குப் படம் இடம் மாறுவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்குகின்றன. எத்தனை படமோ அதன் வர்க்கமூல அளவுக்குத் தெளிவு கூடும். 360-க்கு ஏறத்தாழ 19 மடங்கு. நகர வெளிச்சம் சீராகப் பரவியிருப்பதால் அதைக் கணினி பெருமளவு கழித்துவிடுகிறது. வாயால் சேர்க்கமுடியாததை நேரத்தால் சேர்க்கிறார்கள்.

அதை வாங்கலாமா என்றால், நெபுலாக்களில் ஆசை உள்ளவர்களுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் தாராளமாக வாங்கலாம். கிரகங்களுக்கு அது சரிப்படாது. குவியத் தூரம் 250 மி.மீ.தான், சனி அதில் ஒரு முட்டை வடிவப் புள்ளி. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் கண் வைத்துப் பார்க்கும் டெலஸ்கோப்பைத்தான் சொல்வேன். அது திரையில் பார்த்த படம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். சனியிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்த ஒளி, ஒரு கண்ணாடியில் பட்டு நேராகக் கண்ணுக்குள் வருகிறது. கீழ் வீட்டுப் பையன் முதல்முறை அதைப் பார்த்தபோது ஐபீஸிலிருந்து தலையைத் தூக்கி, குழாயின் முன்பக்கத்துக்குப் போய், உள்ளே ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான்.

பரணில் கிடந்த அந்த 60 மி.மீ. டெலஸ்கோப்பைப் போன வருடம் இறக்கினேன். லென்ஸில் குறை ஒன்றும் இல்லை. ஆடிய முக்காலியை எடுத்துவிட்டு, தச்சரிடம் சொல்லி டாப்சன் பாணியில் ஒரு பிளைவுட் பெட்டி செய்து அதில் உட்காரவைத்தேன். 25 மி.மீ. ஐபீஸ் செருகினால் 28 மடங்கு. நிலா ஊசிபோல் கூர்மையாக வந்தது. 10 மி.மீ. செருகினேன், 70 மடங்கில் சனியின் வளையம் தனியாகப் பிரிந்து நின்றது. பத்து வருடம் முன்னால் என்னை ஏமாற்றிய அதே லென்ஸ். இப்போது அது கீழ் வீட்டுப் பால்கனியில் இருக்கிறது, அந்தப் பையனோடு. அட்டைப்பெட்டியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். 4 மி.மீ. ஐபீஸும் மூன்று மடங்கு பார்லோவும் அதற்குள்ளேயே கிடக்கின்றன.